அவள் அழித்த வரி

அடுத்த டீம் லீட் புதுசுதான் என்று மேனேஜர் யாரிடமோ ஃபோனில் சொன்னது சட்டாம்பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

புதுசு என்பது போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு ஆபீஸ் வைத்த பெயர். சட்டாம்பிள்ளை என்பது இவருக்கு வைத்த பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். இன்டர்நெட் வழியாகப் போகும் ஃபோன் அழைப்புகளை இணைத்துவிடும் சர்வருக்கு புரோகிராம் எழுதும் கம்பெனி அது. ஃபோனும் சர்வரும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்கிற விதிமுறை மொத்தமும் சட்டாம்பிள்ளைக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்திலேயே இங்கே சேர்ந்துவிட்டவர். லீட் நாற்காலி தனக்குத்தான் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

மனைவியிடம் புலம்பினார். அந்தப் பெண் கெட்டிக்காரி என்று போன மாசம் வரைக்கும் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவள் கேட்டு வைத்தாள்.

மறுநாள் புதுசு எழுதிய புரோகிராமை வரி வரியாகக் குடைந்தார். பொறாமை வந்துவிட்டால் கண்ணாடி போடாமலே எழுத்து தெரியும் போலிருக்கிறது. கிடைத்துவிட்டது.

சர்வருக்குத் தெரியாத வசதி எதையாவது கேட்டு ஒரு ஃபோன் கூப்பிட்டால், ‘இது எனக்குத் தெரியாது’ என்று சர்வர் பிழைச் செய்தி அனுப்ப வேண்டும். ஃபோன் அந்த வசதியை விட்டுவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். இதுதான் விதி. புதுசோ ஒரே ஒரு பழைய மாடல் ஃபோனுக்கு மட்டும் பிழையே சொல்லாமல், கேட்டது காதில் விழாத மாதிரி, பேசாமல் இணைப்புக் கொடுத்திருந்தாள்.

மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார்.

புதுசு எழுந்து பதில் சொன்னாள். அந்த ஃபோனுக்குப் பிழைச் செய்தி போனால் மறுபடி கூப்பிடத் தெரியாதாம். அப்படியே ஊமையாகிவிடுமாம். ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் படுக்கை அந்த ஃபோன்தான் இருக்கிறதாம். அது சர்வருக்கு அனுப்பும் செய்தியையும் திரையில் போட்டுக் காட்டினாள். எல்லாவற்றையும் மென்று விழுங்கித்தான் சொன்னாள்.

“பிழையைப் பிழைன்னு சொன்னா தாங்கிக்கத் தெரியாத ஃபோனை எந்த மடையன் எழுதினான்? அவன் பண்ணின தப்பை நாம எதுக்கும்மா தலையில தூக்கி வெச்சுக்கணும்?” என்றார் சட்டாம்பிள்ளை.

“பழைய ஃபோன் சார். அப்போ தெரியாம பண்ணியிருப்பாங்க.”

அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார். எந்த ஃபோனும் தான் யார், யாருடைய தயாரிப்பு என்று செய்தியின் கடைசியில் ஒரு வரி சொல்லிக்கொள்ளும். திரையில் அந்த வரி இல்லை.

“கடைசி வரி எங்கே?”

புதுசின் முகம் வெளுத்தது. தேவையில்லை என்று தானே எடுத்துவிட்டதாக முணுமுணுத்தாள்.

மேனேஜரின் முகம் மாறிவிட்டது. ஆதாரத்தையே திருத்திக் காட்டுகிறவளை நம்பி ஒரு டீமை எப்படி ஒப்படைப்பது என்ற கேள்வி அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. சட்டாம்பிள்ளைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்த ஃபோனை இங்கேயே கொண்டு வாருங்கள், எதை மறைத்தாள் என்று எல்லோரும் பார்ப்போம் என்றார்.

ஃபோன் வருவதற்குள் புதுசு அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“சார், முதல்ல நீங்க மட்டும் தனியா பாருங்க சார். அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க.”

“எதுக்கு? தனியா கூப்பிட்டுச் சரிக்கட்டவா? எல்லாருமே பார்க்கட்டும்.”

சோதனைக்காக ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வைத்திருந்த, மஞ்சள் பூத்துப்போன ஃபோன் வந்தது. மேலே ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தது. சட்டாம்பிள்ளை தானே ஒயரைச் செருகி, தானே எண்ணை அழுத்தினார். செய்தி முழுசாகத் திரைக்கு வந்தது. அதன் கடைசியில், இந்த ஃபோனின் புரோகிராமை எழுதியவர் என்று இனிஷியலோடு அவருடைய பெயரே இருந்தது.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ஃபோன் கம்பெனியில் முதல் வேலையில் இருந்தபோது, இளரத்தத்தின் மிதப்பில், தான் எழுதிய ஃபோன் எங்கே பேசினாலும் தன் பெயரும் கூடவே போகட்டும் என்று அவரே சேர்த்த வரி அது. அந்தக் கம்பெனி மூடிய பிறகு அதன் சரக்கை வேறு யாரோ வாங்கி, தங்கள் பெயரை ஒட்டி விற்றது மட்டும் அவருக்குத் தெரியாது.

கொஞ்சம் முன்னால் தான் சொன்ன மடையன் என்ற வார்த்தை அவருக்கே சுட்டது.

இதை எதற்காக மறைத்தாய் என்று மேனேஜர் புதுசிடம் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்.

“அடுத்த லீட் சார்தான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துல இது வெளியே வந்து அவருக்குக் கிடைக்காமப் போயிடக் கூடாதேன்னுதான்.”