சாட்சிக் கையெழுத்து

வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமி நிற்கிறது. குருநகரின் அந்தச் சின்ன வாரப் பத்திரிகை அலுவலகத்தில் விசைப்பலகைச் சத்தம் சட்டென்று ஓய்கிறது. சாதாரண உடுப்பில் வந்த பொலிஸ்காரர் மண்ணிறக் கடிதவுறை ஒன்றை நீட்டுகிறார். மூத்த நிருபர் லெனாட்டின் கை தானாகவே முன்னே போகிறது. "உங்களுக்கு இல்லை ஐயா. ஜெசிதா மிஸ்ஸுக்கு." படையினர் பிடித்து வைத்திருக்கும் காணிகளைப் பற்றி இளம் நிருபரான அவள் எழுதிய கட்டுரைக்காக, திங்கட்கிழமை கொழும்புக்கு விசாரணைக்கு வரவேண்டுமாம். ஜன்னல் வெயில் உறையில் விழுந்து அவள் பெயரை மினுக்குகிறது. அவள் விரல்கள் நடுங்குகின்றன. அந்த நடுக்கம்கூடத் தனக்கு வரவேண்டியது என்றே லெனாட்டுக்குத் தோன்றுகிறது. யுத்த காலத்தில் அவருக்கு வந்த இதேபோன்ற கடிதம், லமினேற் செய்தபடி அவருடைய மேசை லாச்சியில் கிடக்கிறது. இப்போது கோயில் திருவிழாவும் பரிசளிப்பு விழாவும்தான் அவர் எழுதும் பக்கம். "அண்ணை, பயமாக் கிடக்கு. நீங்களும் கூட வாறியளோ?" என்கிறாள் ஜெசிதா. "ஓம் பிள்ளை, வாறன்," என்கிறார். கண்ணோ பொலிஸ்காரரின் தோள்பையில் இருக்கிறது. கடிதம் கொடுத்ததற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். லெனாட் வளைத்து நெளித்துப் பெரிதாகப் போடுகிறார். பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டே விடுகிறார். "தம்பி, பைக்குள்ளை வடிவாப் பாருங்கோ. என்ரை பேரிலை ஒண்டும் இல்லையோ? நானும் எழுதுறனான்." பொலிஸ்காரர் சிரித்தபடி அவர் தோளைத் தட்டுகிறார்.

"ஐயா பயப்பட வேணாம். ஐயா எழுதுறதுல எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."