ஒன்று விட்டு ஒன்று

அடுத்த கட்டிலில் தொங்கிய சிவப்பு அட்டையை விட்டு ராகேலின் கண் அகலவில்லை. தன் மகள் ஜெயபாயின் கட்டிலில் தொங்கியது வெள்ளை. மறுபக்கம், அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்த பையனின் கட்டிலிலும் வெள்ளைதான்.

"சிஸ்டரே, எம்பிள்ளைக்கும் அந்தச் செவப்பு அட்டை போடப்பிடாதா?"

"நானா போடுறது? டாக்டர் மாட்டிட்டுப் போனதாக்கும். வர்ற வரிசையிலே ஒண்ணு விட்டு ஒண்ணு. செவப்புக்குப் புது மாத்திரை, வெள்ளைக்குப் பழைய மருந்து. நான் அட்டையைப் பாத்துக் குடுப்பேன், அவ்வளவுதான்."

காலையில் டாக்டர் கல்யாணராமன் வார்டு நடுவில் நின்று சொன்னதை ராகேலும் கேட்டிருந்தாள். இங்கிலாந்தில் நிமோனியாக்காரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்களாம். பழைய வைத்தியத்தில் நூற்றுக்கு இருபத்தேழு பேர் போய்விட்டார்கள். புது மாத்திரை தின்றவர்களில் எட்டே பேர்.

"சண்டையினாலே கப்பல் ஒழுங்கா வர்றதில்லே. இருக்கிறது பாதிக் குழந்தைகளுக்குத்தான் காணும்" என்றார் அவர். "யாருக்குன்னு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். வரிசை எடுக்கட்டும்."

அந்தச் சமயம் பார்த்துப் பெயர் பதியக் கீழே கூப்பிட்டார்கள். ராகேல் போய்விட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தபோது மகளின் தலைமாட்டில் வெள்ளை அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

ஜெயபாய்க்கு ஆறு வயது. பாறசாலையிலிருந்து கொட்டுகிற மழையில் பஸ்ஸில் மடியில் போட்டுக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே குழிந்து எழுந்தது. இவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் இதே ஐப்பசியில், இதே இழுப்பில்தான் போயின.

சிவப்பு அட்டைக் கட்டிலில் கிடந்தவன் சுந்தரராமன். ஜெயபாய்க்குப் பின்னால் வந்து சேர்ந்தவன். ஐந்து வயது, ஒரே பிள்ளை. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் ஒரு சமையற்காரர் வீட்டுக் குழந்தை. அவன் தாய் பாகீரதி ஒருமுறைகூட ராகேலின் முகத்தைப் பார்க்கவில்லை. மேல்சாதி மிடுக்கு என்று ராகேல் நினைத்துக்கொண்டாள்.

முதல் மாத்திரை இரண்டு மணிக்கு என்றார்கள். ஒரு மணிக்கு அந்த நர்ஸின் முறை முடிந்தது; அடுத்தவள் இன்னும் வரவில்லை. பாகீரதி ஈரத்துணியோடு எழுந்தாள்.

"குழாயடி வரைக்கும் போயிட்டு வந்துடறேன். இவனைச் சித்தே பாத்துக்கோ."

"பாத்துக்கிடுதேன், அம்மா."

சுற்றிலும் தாய்மார்கள் தங்கள் தங்கள் குழந்தைமேல் கவிந்து கிடந்தார்கள். இரண்டு ஆணி, இரண்டு அட்டை. ஓர் எட்டு வைத்தால் போதும்.

"ஆண்டவரே, இப்ப மட்டும் இங்க பாக்காதேயும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ராகேல் மாற்றி மாட்டினாள்.

பாகீரதி திரும்பி வந்தாள். இந்தக் கட்டிலைப் பார்த்தாள், அந்தக் கட்டிலைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த துணி சொட்டிச் சொட்டித் தரை நனைந்தது.

ராகேல் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் பாகீரதி எதுவுமே கேட்கவில்லை. துணியைப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பார்த்தும் உறைக்கவில்லை போலிருக்கிறது என்று ராகேலுக்குப் போன உயிர் திரும்பியது.

மறுநாள் சாயங்காலம் ஜெயபாய்க்கு வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கி" என்றாள்.

சுந்தரராமனுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ராகேல் அடுத்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

"எம்பிள்ளை எந்திச்சாச்சு, சாமி. மிச்ச மாத்திரைய அந்தப் பையனுக்குக் குடுங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"பாதியிலே நிறுத்தினா உன் பொண்ணுக்கு ஜுரம் திரும்பிடும், அம்மா. அவனுக்குக் குடுக்க வேறே மாத்திரை என் கையிலே இல்லே." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை நர்ஸ் கொடுத்த மாத்திரையை ராகேல் மகளுக்குக் கொடுக்கவில்லை. கரண்டியில் நசுக்கி, தண்ணீரில் குழைத்து, அடுத்த கட்டிலுக்குப் போனாள். பாகீரதி பிள்ளையின் தலையை ஏந்திப் பிடித்தாள்.

பாதி உள்ளே போயிற்று. பாதி கடைவாயில் வழிந்தது.

விடியும்போது அவன் இல்லை.

போர்த்திய துணிக்குள் கையை விட்டுப் பாகீரதி பிள்ளையின் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் ராகேலால் தாங்க முடியவில்லை. தரையில் விழுந்து அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள். தொடலாமா கூடாதா என்பது இருவருக்குமே நினைவில் இல்லை.

"அம்மா, ஒங்க பிள்ளைய நாந்தான் கொன்னேன். அவனுக்குள்ள செவப்பு அட்டைய எடுத்து எம்பிள்ளைக்கு மாட்டினது நாந்தான். என்னைச் சபிச்சிருங்க!"

பாகீரதி குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அது உன் கொழந்தையோட அட்டைதான், ராகேல். நீ பேர் பதியக் கீழே போயிருந்தப்போ மொதல்லே மாத்தினது நான்."