பெயரில்லாத பொத்தான்

பார்வையற்ற எஸ்தர், இறந்துபோன கணவரின் குரலைத் தன் கையாலேயே அழித்துவிட்டாள். ஜெயசீலன் பாடிப் பதிந்த பாட்டுகளெல்லாம் முதலாளி என்று யாருமில்லாத ஓர் இணையதளத்தில் இருந்தன. ஆர்வலர்கள் ஆளுக்கொரு கணினியில் அதை நடத்திவந்தார்கள். தொட்டதை வாசித்துச் சொல்லி, இருமுறை தட்டினால்தான் இயக்கும் அவளுடைய கைப்பேசி, அந்தத் தளத்தில் எதைத் தொட்டாலும் “பொத்தான்” என்று மட்டுமே சொல்லும். பாட்டு வரும் என்று நம்பி அவள் தட்டியது அழிக்கும் பொத்தானை.

முறையிட ஓர் அலுவலகம் கிடையாது. அழுதுகொண்டே நடந்ததைப் பேசிப் பதிந்து, அதை அந்தத் தளத்திலேயே போட்டாள். சில நாள் கழித்து அந்த ஆர்வலர்களில் ஒருவரான நவரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார்.

“அக்கா, எங்கட கணினியில ஒண்டு அழியாமக் கிடக்கு. பாட்டில்லை. அண்ணர் மைக்கைச் சரிபாக்கிறார், அவ்வளவுதான்.”

“போடுங்க தம்பி.”

ஒரு செருமல். பிறகு ஜெயசீலனின் குரல்: “எஸ்தர், கேக்குதா?”

“கேக்குதுங்க,” என்றாள்.

“பட்டனுகளுக்குப் பேர் போடப் போறன் அக்கா. எதுக்கு முதல்ல போட?”

“நான் தட்டினதுக்கு.”

மறுநாள் அதைத் தொட்டதும் கைப்பேசி, “குரலை அழி” என்று தெளிவாகச் சொன்னது. எஸ்தர் விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.