சுரங்க வாசலில் ஒரு கனமான கல்

மூடிப்போன சுரங்கம் ஒன்றின் வாசலில், ஒரே கல்லுக்குள் வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் குடியிருந்தன. மலையின் விரிசலில் எப்போதோ ஏறிய சுடுநீர் மூன்றையும் ஒன்றாகப் படியவைத்துவிட்டுப் போயிருந்தது.

கல்லில் பெரும்பங்கு ஈயம்தான். ஆனால் பேசுவதெல்லாம் வெள்ளி.

"எனக்காகத்தான் இந்த மலையையே குடைந்தார்கள்" என்று தினமும் பீற்றிக்கொள்ளும்.

"நீ தீர்ந்ததும் ஈயத்தை வெட்டினார்களே!" என்று துத்தநாகம் குத்திக்காட்டும்.

"உன்னைக் குப்பையில் அல்லவா கொட்டினார்கள்?"

"அந்தக் குப்பையையே பிறகு தேடிவந்து அள்ளினார்கள், தெரியுமா?"

நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம் வாயைத் திறக்காது. தன்னை முதலில் கேட்டு யாரும் வந்ததில்லையே என்ற குறை மட்டும் அதற்கு உள்ளூர இருந்தது.

ஒருநாள் ஜீப் ஒன்று தள்ளாடி வந்து வாசலருகே மேட்டுச் சாலையில் நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, அங்கிருந்த கற்களையெல்லாம் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் இந்தக் கல்லை எடுத்தார்.

"என் மினுமினுப்பைப் பார்த்துவிட்டார்!" என்று வெள்ளி கூவியது.

"அடேயப்பா, என்னா கனம்!" என்றார் அவர்.

ஈயத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இது போதுமாப்பா?" என்று டிரைவரிடம் நீட்டினார்.

"அமர்க்களமா இருக்கு சார்" என்று டிரைவர் கல்லை வாங்கி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பஞ்சரான முன்டயரை மாற்றினார். ஜீப் போய்விட்டது. கல் நடுச்சாலையில் கிடந்தது.



"அந்த ஜீப்பை உருளாமல் பிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்?" என்று வெள்ளி மெல்ல ஆரம்பித்தது.

"நான்தான்!" என்று கத்தியது ஈயம்.

அன்றிலிருந்து அந்தச் சண்டையில் மூன்று கட்சி.