எடை குறைந்த கம்பி

"மறுபடியும் குறைஞ்சிருக்கு" என்று பேராசிரியர் தன் ஆய்வு மாணவியிடம் சொன்னார். தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாட்டினக் கம்பி சாதுவாகப் படுத்திருந்தது. வாராவாரம் அதை எடை போடுவது அவர் வழக்கம். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'தராசு'.

"எவனோ அரத்தால சுரண்டியிருக்கான். பாரும்மா, கீழ்ப்பாதி மட்டும் இளைச்சுப் போயிருக்கு. இந்த ரூம் சாவி உங்கிட்டயும் உன் தம்பிகிட்டயும்தானே இருக்கு?"

அவளால் மறுக்க முடியவில்லை. வேலைவெட்டி இல்லாமல் திரிந்த தம்பியை ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்த்துவிட்டதே அவள்தான். படிக்கிற வயதில் அவளுடைய சைக்கிளை விற்றுத் தின்றுவிட்டு, தொலைந்துபோனதாகச் சாதித்தவன் அவன்.

"நாளன்னைக்கு மாநாடு. அதுக்குள்ள அவனை ஒத்துக்க வை. இல்லேன்னா உன்னையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லுவேன். உன் பேரும் நாறிடும்."

நாறுவதற்கு அவளுக்கு இப்போதுதான் ஒரு பெயரே கிடைத்திருந்தது. எத்தனாலிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்கு ஒரு வினையூக்கி வேண்டும். எல்லோரும் பிளாட்டினத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்க, இவள் அது துளியும் இல்லாத ஒரு கறுப்புப் பொடியைக் கண்டுபிடித்திருந்தாள்.

பொடி பூசிய தகட்டை அமிலமும் எத்தனாலும் கலந்த கரைசலில் இறக்கி, மின்சுற்று முழுமையாவதற்காக எதிரே அந்தக் கம்பியைக் கீழ்ப்பாதி முங்கும்படி தொங்கவிட்டு, வாரக்கணக்கில் ஓட்டினாள். மற்றவர்களின் வினையூக்கிகள் நாளாக ஆகச் சோர்ந்துபோகும். இவளுடையதோ நாளுக்கு நாள் தெம்பாகிக்கொண்டே வந்தது.

தம்பியை மாடிப்படிக்கு அடியில் இழுத்துப் போய் நிறுத்தினாள்.

"எதுக்குடா எடுத்தே?"

"நான் தொடவே இல்லக்கா. குடுவையக் கழுவறதோட சரி."

"சைக்கிள் போனப்பவும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சுக்கிட்டே. நீ ஒத்துக்கலேன்னா சார் என்னையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லுவாராம்."

 

"நான் ஒத்துக்கிட்டா உன்ன விட்டுடுவாராக்கா?"

அவள் தலையாட்டினாள். அப்போதுகூட அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. இப்போதாவது புத்தி வந்ததே என்றுதான் தோன்றியது.

பேராசிரியர் அறையில் அவன் கைகட்டி நின்றான். "நான்தான் சார் எடுத்தேன். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியும்டா எனக்கு!" என்று பேராசிரியர் போனை எடுத்துப் போலீஸ் எண்ணை அழுத்தினார். அவள் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனாள்.

அந்த நேரம் பார்த்து மைக்ரோஸ்கோப் ஆபரேட்டர் வாசலில் தலையை நீட்டினார். மாநாட்டில் காட்டுவதற்காக அவள் தன் தகட்டை அவரிடம் படமெடுக்கக் கொடுத்திருந்தாள். அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்பதையும் அவருடைய இயந்திரம் சொல்லிவிடும்.

"மேடம், உங்க பொடியில பிளாட்டினம் கிடையாதுன்னுதானே சொன்னீங்க?"

"துளிகூடக் கிடையாது. அதுதானய்யா விஷயமே!" என்றார் பேராசிரியர், போனைக் காதில் வைத்தபடியே.

"தகடு முழுக்கப் படிஞ்சு கிடக்கே சார்."

தன் பொடி நாளுக்கு நாள் தெம்பானது எதனால் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. பேசாமல் இருந்தால் மாநாடு மிஞ்சும். வாயைத் திறந்தால் இத்தனை வருட உழைப்பும் மண்ணாகிவிடும். மறுமுனையில் யாரோ போனை எடுத்து "ஹலோ" என்றார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போனை வைங்க சார். கம்பி கரைஞ்சு என் தகட்டுல ஏறியிருக்கு. திருடினது அவன் இல்ல, என் பொடி!"