பின்னால் வருகிறவருக்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. சின்னக் கதைதான். ஒரு மலை இறங்குவதற்குள் முடிந்துவிடும்.

அவள் ஜீப்புக்குள் தலைகீழாகக் கிடந்தாள்.

கால்கள் சீட்டின் மேல். தலை பிரேக் பெடலுக்குக் கீழே. பல்லிடுக்கில் ஒரு துண்டு வயர்.

ஏலத்தோட்டத்துப் பெண்கள் நாலு மணிக்கு வேலை முடிந்து வருவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்க வேண்டும். அதற்குள் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஜீப். அந்த விளக்கு எப்போது செத்தது என்று அவளுக்கே நினைவில்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை.

போன ஐப்பசி வரை.

அன்றைக்கு மூடுபனி. வளைவில் அவள் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் பைக்கில் வந்த தபால்காரர் சௌந்திரபாண்டிக்கு அது தெரியவில்லை. ஜீப்பின் முதுகில் மோதி விழுந்தார். முழங்கால் சில்லு நாலாக உடைந்தது.

பின்னால் வருகிறவன்தான் பார்த்து வர வேண்டும் என்றது போலீஸ். தோட்டமும் அதையே சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவரே சொன்னார்.

"பனி செஞ்ச வேலை தாயி. நீ என்ன பண்ணுவ?"

எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவளால் விட முடியவில்லை.

இன்றுதான் அவர் மறுபடி பைக் எடுத்து மலையேறியிருந்தார். காலையில் பார்த்தாள். ஒரு காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் இதே பாதையில், இதே பனியில் இறங்குவார்.

பேட்டரி வயரைக் கழற்றினாள். பெடலுக்கு மேலே ஒரு தகட்டை முடுக்கினாள். தகட்டில் விரல்நுனி அளவு சுவிட்ச். பெடல் மேலே நிற்கும்வரை சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும். கால் பட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலும் விட்டுவிடும். விட்டால் விளக்கு எரியும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரு வயர் ஃபியூஸிலிருந்து சுவிட்சுக்கு. இன்னொன்று சுவிட்சிலிருந்து, வண்டியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே போய், பின்விளக்குக்கு.

பலாமரத்தடியில் டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வேல்மயில் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"என்னக்கா, கிழட்டு வண்டிக்குக் காதுகுத்தா?"

"ஆமாடா. தாய்மாமன் நீதான? வந்து மடியில ஒக்கார வை."

மரத்தடி சிரித்தது.

பேட்டரியை மாட்டினாள். பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கம்பை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

எரியவில்லை.

ஃபியூஸ் சரி. பல்பு சரி. சுவிட்சும் சரி. மணி மூன்றரை.

விளக்கைக் கழற்றினாள். அடியில் துரு. துருவின் மேல் பெயிண்ட். பெயிண்டின் மேல் மறுபடி துரு. மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகத்தான் திரும்ப வேண்டும்; இதில் எர்த் எங்கிருந்து கிடைக்கும்?

கத்தியால் சுரண்டினாள். நகம் பிய்ந்தது. சுரண்டினாள். பொட்டளவு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள். விளக்கை அதன் மேல் வைத்து முடுக்கினாள்.

எரிந்தது.

பெண்கள் ஏறிக்கொண்டார்கள். கூடைகளும் தூக்குச் சட்டிகளும் ஏறின. வண்டி கிளம்பியது.

மேட்டைத் தாண்டியதும் பனி.

முதல் வளைவு. இரண்டாம் கியருக்கு மாற்றினாள். ஜீப் முனகி, அடங்கி, மெதுவானது.

கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளை. வெறும் வெள்ளை. சிவப்பே இல்லை.

இரண்டாம் வளைவு. வெள்ளை.

வயர் அறுந்துவிட்டதோ?

அப்புறம்தான் தன் காலைப் பார்த்தாள்.

கால் பிரேக்கில் இல்லை. இருபது வருஷமாக இறக்கத்தில் அது அங்கே போனதே இல்லை. கியரிலேயே வண்டியை அடக்கி இறக்குகிறவள் அவள். வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தேடுகிறவனை இந்த மலையில் டிரைவர் என்று யாரும் சொல்வதில்லை.

அவர் வந்து மோதிய அன்றைக்கும் அவள் மிதிக்கவில்லை.

விளக்கு நன்றாக இருந்திருந்தாலும் எரிந்திருக்காது.

மூன்றாம் வளைவு வந்தது.

காலைத் தூக்கிப் பெடலின் மேல் வைத்தாள். மிதிக்கவில்லை. வைத்தாள்.

கண்ணாடியில் பனி சிவந்தது.

பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்த சிலம்பாயி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, நேத்து வண்டி பழகுனவளாட்டம் பிரேக்குல கால வெக்கிற? வேல்மயிலு பாத்தான்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். பின்னால தபால்காரரு வருவாரு."

"அவரா? கால் வலிக்குதுன்னு மூணு மணிக்கே எறங்கிட்டாரே. நாங்க காய் எடுக்குற சரிவுக்குக் கீழதான் போனாரு. நீ வண்டிக்கு அடியில கெடந்திருப்ப."

அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில், வெகு தூரத்தில், ஒரு வெளிச்சம் மங்கலாக வளைந்து வந்தது. யாரோ.

நாலாம் வளைவு.

கால் பெடலுக்குப் போனது.

அவ்வளவுதான், என் கண்களே. உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டவர்கள் எல்லாரும் பொழுது சாய்வதற்குள் சுகமாக வந்து சேரட்டும். உலையில் போடும் அரிசி ஒருபிடி கூடுதலாகவே இருக்கட்டும். வாசலில் கழற்றிவிடும் செருப்புகளில் ஒரு ஜோடியும் குறையாமல் இருக்கட்டும்.