ஒரு தரம் சொன்ன வசனம்

6 ஆகஸ்ட், புதன்.

இன்று ஒரு பிழை விட்டேன். ஒரு வசனத்தை மொழிபெயர்த்துவிட்டேன்.

பிழையை முதலில் எழுது, நாளைய வேலையைக் கடைசியில் எழுது. மாலை வகுப்பில் நாட்குறிப்பு எழுத ஆசிரியை அப்படித்தான் சொல்லியிருக்கிறார். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில்தான் எழுத வேண்டும். இன்று முடியவில்லை. தமிழில் எழுதுகிறேன்.

மாலை ஏழு மணி. விடுதிச் சன்னலுக்குக் கீழே ரைன் ஆறு போகிறது. வெயில் இன்னும் இருக்கிறது.

இந்த ஊரைக் கேட்டது அம்மா.

அப்பா சுவிசில் பதினொரு வருடம் தனியாக இருந்தார். நானும் அம்மாவும் ஊரில், கொக்குவிலில் இருந்தோம். அவர் அனுப்பிய படம் ஒன்றை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சுவரெல்லாம் ஓவியம் வரைந்த வீடுகள். சன்னல்தோறும் சிவப்புப் பூக்கள். நடுவில் மெலிந்துபோன அப்பா.

நாங்கள் வந்தபின் இரண்டு கோடை விடுமுறைகளிலும் அம்மா அந்த ஊரைத்தான் கேட்டார். அப்பா முர்ட்டனுக்குக் கூட்டிப்போனார். அடுத்த வருடம் துன். அவையும் வடிவான ஊர்கள்தான்.

இந்த முறை அம்மா விடவில்லை.

காலையில் மூன்று பேரும் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனோம். அம்மா சேலை கட்டி, கீழே சப்பாத்து போட்டிருந்தார். கல் பதித்த தெருவில் சின்னப் பிள்ளை மாதிரி நடந்தார்.

கடைக்காரப் பெண் அப்பாவைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினார்.

ஹெர் குகன், என்றார்.

அப்பாவின் பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மாவுக்குப் பெருமை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பேசினார்.

வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. காதில் விழுந்ததை உடனே அவரவர் மொழியில் உரக்கச் சொல்ல வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தால் அடுத்த வசனம் போய்விடும். எனக்கு அது ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

இன்று வந்தது.

"உங்கட சின்ன மகள் நேற்றும் இஞ்ச வந்தவ. அப்பிடியே உங்கட கண்தான் அவவுக்கு."

சொன்னது நான்தான்.

எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை.

பாண் வெட்டும் இயந்திரம் ஓடி முடிந்து நின்றது.

"ஆரோ எண்டு மாறி நினைச்சிட்டா," என்றார் அப்பா. அம்மாவுக்குத்தான் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்தார். "இவளுக்கு இன்னும் டொச் பிடிபடேல்ல. ஒண்டரை வருசமா வகுப்புக்குப் போறாள், பாக் எண்டால் ஓடை, பேர்க் எண்டால் மலை, அந்த வித்தியாசமும் தெரியாது. என்ன பிள்ளை, பிழையாத்தானே விளங்கினனீ?"

பகிடி மாதிரித்தான் கேட்டார். முகம் கெஞ்சியது.

அப்பா யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஓம்," என்றேன். "பிழையா விளங்கிட்டன்."

அம்மா பாணை வாங்கிப் பைக்குள் வைத்தார். நசுங்காமல் மேலாக வைத்தார்.

அதன் பிறகு எல்லாம் திட்டப்படியே நடந்தது. மலைமேல் கோட்டை. படகு. பாலத்தில் படம். அம்மா அப்பாவின் கொலரை இழுத்துச் சரிசெய்தார். அவரோடு ஒட்டி நின்றார். ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதிலும் அம்மா சிரிக்கிறார்.

படங்களைப் பார்த்துவிட்டுக் கனடாவிலிருந்து சித்தி குரல் செய்தி அனுப்பினார்.

"அக்கா, குடுத்து வைச்சனீங்கள். நான் இஞ்ச மாரி முழுக்கப் பனி தள்ளியே கிழவியாகப் போறன். அத்தானைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கோ. பாஸ்போட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறார்."

அம்மா அதை இரண்டு தரம் கேட்டார்.

நான் பகல் முழுவதும் அந்த வசனத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எழுவாய். வினை. நேற்று. அகராதியையும் பார்த்தேன். வேறு எந்த அர்த்தமும் வரவில்லை. முதல் தடவையாக ஒரு வசனம் எனக்கு முழுவதும் சரி.

அம்மாவின் வதிவிட அனுமதி, அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பதால் கிடைத்தது. ஒக்டோபரில் அதைப் புதுப்பிக்க வேண்டும். படகில் இருந்தபோது அதையும் யோசித்தேன். அம்மாவைப் பற்றி யோசிக்க முன்னம் அதை யோசித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அப்பா குளிக்கிறார். தண்ணீர் நெடுநேரமாக ஓடுகிறது.

சற்று முன்பு அம்மா கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தார். இந்தக் கொப்பியைப் பார்த்தார். தமிழ் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசிக்கவில்லை.

"நிச்சயமில்லாட்டி நீ மூண்டு தரம் திருத்திச் சொல்லுவாய்," என்றார். "காலமை ஒருக்காத்தான் சொன்னனீ."



அம்மா குரலைத் தாழ்த்தி இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். பிறகு எழுந்து, அப்பாவின் துவாயை எடுத்துக் குளியலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டினார்.

நாளை: ஏழு மணிக்கு எழும்ப வேண்டும். அப்பா நித்திரையாக இருப்பார். அம்மாவோடு பாண் கடைக்குப் போக வேண்டும். அந்தப் பெண் சொல்வதை ஒன்றும் விடாமல் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கேள்விகளை டொச்சில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைக்கு என்ன வயது. எந்த வீடு.